பிந்தி மலர்ந்தாலும் மலரே!

எங்கள் பள்ளி நூலகத்துப் பறவை நூலொன்றில் பூநாரையின் கல்லச்சுப் படம் ஒன்றைக் கண்டோம். செந்நிற உடல், நெடிய கால்கள், தரையை நோக்கி வளைந்து தாழ்ந்த கழுத்து! பக்கத்தைப் புரட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. வரைந்தவர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் (1785–1851).

அமெரிக்காவில் கடையும் ஆலையும் நடத்தி நொடித்துப்போன அவர், 1819-இல் கடனுக்காகச் சிறை சென்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி லூசி. 1826-இல், 41 வயதில், ஓவியக் கட்டுடன் இங்கிலாந்து சென்றார். 1827 முதல் 1838 வரை 435 செப்புத்தகட்டுப் படங்கள் வெளிவந்தன. பறவைகளை உண்மை அளவிலேயே வரைந்தார். ஏறத்தாழ 39 அங்குலத் தாளில் பூநாரை நிமிர்ந்து நிற்க இடமில்லை, எனவே குனியவைத்தார். குறையே அழகாயிற்று! பின்பு 1840–44-இல் அவை சிறிய அளவில், கல்லின்மேல் பசை மையால் வரையப்பட்டு, அச்சாகி, கையால் வண்ணம் பெற்று, 500 படங்களாகப் பலரை எட்டின.

அவரைப் புனிதராக்க நாங்கள் முனையவில்லை. பறவைகளைச் சுட்டு, கம்பியால் நிறுத்தியே வரைந்தார். அடிமைகளை வாங்கியும் விற்றும் இருக்கிறார். கலையைப் போற்றும்போது குற்றத்தையும் சொல்வதே நேர்மை.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவருக்குப் புகழ்தான் பிந்தி வந்தது. பென்சிலோ இளமை முதல் கையில் இருந்தது. பிந்தி மலரும் செடிக்கும் வேர் முன்பே வேண்டுமன்றோ?

பத்தாம் வகுப்பு வந்ததும் எங்கள் ஓவிய வகுப்பு கணக்குக்குப் போய்விட்டது. தேர்வு முக்கியம்தான், மறுக்கவில்லை. எனினும், கணக்கில் தவறி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் மைனா வரையும் தோழி எங்களிடையே இருக்கிறாள். 'இவள் உருப்படமாட்டாள்' என்று 15 வயதிலேயே தீர்ப்பிடலாமா?

திராட்சைத் தோட்ட உவமையை மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். மாலைவரை நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை அழைப்பார் இல்லை. கடைசியில் வந்தவர்க்கும் தலைவர் முழுக்கூலி தந்தாரே!

அன்புள்ள சகோதரியரே, பெற்றோரே! வாரத்தில் ஒரே ஒரு மணி நேரத்தை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள். தோழியரே, மதிப்பெண் குறைந்தாலும் பென்சிலைக் கீழே வைக்காதீர்கள். இடம் போதாத தாளிலும் பூநாரை அழகாகவே நிற்கிறது!

— பத்தாம் வகுப்பு மாணவி