கல்லறைக் கல்லுக்கு யார் சான்று தருவது?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள நூரெம்பெர்க் மாநகராட்சி தன் கல்லறைத் தோட்ட விதிகளில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. பாறையை உடைப்பதிலிருந்து மெருகேற்றுவது வரை எந்தக் கட்டத்திலும் குழந்தைகளைச் சுரண்டாமல் செய்யப்பட்டது என்று நிரூபிக்கப்பட்ட கல்லை மட்டுமே அங்கே நடலாம் என்றது அது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999இல் நிறைவேற்றிய 182ஆவது உடன்படிக்கையே அளவுகோல். அவ்வூரில் கல்லறைக் கல் செதுக்கி நட்டுவந்த கல்தச்சு நிறுவனம் ஒன்று இந்த நிபந்தனையை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. ஜெர்மானியக் கல்லறைகளுக்கு இந்தியாவிலிருந்து ஏராளமான கிரானைட் போகிறது. தமிழ்நாட்டுக் கறுப்புக் கல்லும் அதில் உண்டு. எனவே இது நம் குவாரிகளைப் பற்றிய வழக்கும்தான்.

தொலைதூரக் குவாரியில் நடப்பது ஒரு நகராட்சியின் உள்ளூர் விவகாரம் ஆகாது என்று 2009இல் பவேரிய நிர்வாக உயர் நீதிமன்றம் விதியைத் தள்ளியது. தன் கல்லறைத் தோட்டத்தில் எந்தக் கல் நிற்கலாம் என்பது உள்ளூர் விவகாரமே என்று 2011இல் பவேரிய அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் 2012இல் வேறு காரணங்களால் விதியை மீண்டும் செல்லாதாக்க, 2013 அக்டோபர் 16 அன்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் கல்தச்சர் பக்கமே தீர்ப்பளித்தது. தொழில் செய்யும் உரிமையில் கைவைக்கச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும், எந்தச் சான்று போதும் என்பதையும் விதி தெளிவாகச் சொல்லவில்லை என்பவை அதன் காரணங்கள்.

நிபந்தனையின் நோக்கம் உயர்ந்தது. ஆனாலும் தீர்ப்பு நியாயமானதே. பொதுவாக ஏற்கப்பட்ட முத்திரை எதுவும் அப்போது இல்லை. இறக்குமதியாளரிடம் கல் வாங்கி, பெயர் பொறித்து, நட்டுக்கொடுக்கும் சிறு பட்டறைக்காரர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குவாரிக்கு எப்படிப் பொறுப்பேற்பார்? என்ன காகிதம் வேண்டும் என்று சொல்லாமலே காகிதம் இல்லை என்று கல்லைத் திருப்பி அனுப்பினால், பழி சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் தலையில்தான் விழும்.

நூரெம்பெர்க்கின் தோல்விக்குப் பின் பவேரியா 2016இல் அடக்கச் சட்டத்தையே திருத்தியது. இன்ன சான்றுகள் போதும் என்று அதில் எழுதப்பட்டது: ஐரோப்பாவிலேயே உருவான கல் என்பதற்கான ஆவணம், அல்லது முன்னறிவிப்பின்றிக் குவாரிகளைச் சோதிக்கும் அமைப்பின் எழுத்துமூல உறுதி, இவை இயலாத இடத்தில் விற்பவரின் உறுதிமொழி. கடைசி வாசல் பெரிதாகவே திறந்திருக்கிறது. ஆயினும் கல்தச்சருக்குத் தன் கடமை எதுவென்று தெரிந்தது. நகராட்சிக்கும் சட்டத்தின் துணை கிடைத்தது. இந்தியா அதே 182ஆவது உடன்படிக்கையை ஏற்றது 2017இல்தான்.

முத்திரை எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், குவாரியில் பிள்ளை இல்லை என்பதை மட்டுமே சொல்லும். பிள்ளை அங்கே வருவதற்கான காரணம் பெற்றோரின் கூலியிலும் முன்பணக் கடனிலும் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் இதற்கு ஒரு விடையை முயன்று பார்த்தது. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் சூடுபிடித்திருந்த காலத்தில், மாவட்ட நிர்வாகம் கல்குவாரிகளைக் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. குடுமியான்மலைப் பகுதியில் கான்ட்ராக்டரிடம் கொத்தடிமைபோல் உழைத்தவர்கள் தாங்களே குத்தகைதாரர்கள் ஆனார்கள். வருமானம் உயர்ந்தது, கணக்கு அவர்கள் கைக்கு வந்தது. அவை உடைகல் குவாரிகள், ஏற்றுமதி கிரானைட் அல்ல. பழைய கான்ட்ராக்டர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

நூரெம்பெர்க் கல்லறை வாசலில் கேட்ட கேள்வியை இங்கே குத்தகை வழங்கும்போதே கேட்க முடியும். கல் உடைப்பவர்களின் குழுக்களுக்கு முன்னுரிமை, கூலிப் பதிவேடு, முன்னறிவிப்பற்ற சோதனை ஆகிய மூன்றையும் குத்தகை நிபந்தனையாக்க அரசால் இயலும். ஏற்றுமதிக் கிரானைட்டுக்குத்தான் அது முதலில் பொருந்த வேண்டும். லாபம் பெருகுவதும், வாங்குபவர் சான்று கேட்பதும் அங்கேதான்.