பெரிய வாகனமும் பின்வரிசை இருக்கையும்

புலம்பெயர்ந்த மண்ணில் எம்மவரின் வாழ்வை அளக்கும் கோல்களுள் வாகனமும் ஒன்றாகிவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் எம்மவர் வீட்டு வாசல்களில் எட்டுப் பேர் அமரக்கூடிய பாரிய எஸ்.யு.வி. வாகனங்கள் நிற்பதைக் காண்கிறோம். இதனைப் பகட்டு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அப்பப்பா, அம்மம்மா, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்துக்கு ஐந்து இருக்கைக் கார் போதாது. திருமண வீடாயினும் மரணச் சடங்காயினும் குடும்பமாகச் செல்வதே எமது வழக்கம். அதற்காக மொன்றியல் வரையிலான ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரையும் ஒரே நாளில் ஓட்டுபவர்கள் நாம்.

எனவே தேவை உண்மையானது. ஆனால் அத்தேவைக்கு எந்த வாகனம், எந்த விலையில் என்பதே கேள்வி.

எம்மவர் பெரிதும் நாடும் இரண்டு வாகனங்கள் ஷெவர்லே டாஹோவும் ஃபோர்ட் எக்ஸ்பெடிஷனும். இவற்றை நாம் விளம்பரத் தாள்களில் மட்டும் அறிந்தவர் அல்லோம். எமது வீட்டில் 2018 ஆம் ஆண்டுத் தயாரிப்பான எக்ஸ்பெடிஷன் உள்ளது; பழையதாக வாங்கியது. மைத்துனர் வீட்டில் 2021 ஆம் ஆண்டு டாஹோ உள்ளது. இரு குடும்பங்களும் தேவைக்கேற்ப மாற்றி ஓட்டுவதால் இரண்டையும் கோடையிலும் பனியிலும் அறிவோம்.

இத்தகைய வாகனத்தை ஓட்டுநர் இருக்கையில் இருந்து மதிப்பிடக் கூடாது என்பதே எமது முதற் கருத்து. முன்னிருக்கையில் இரண்டுமே சிம்மாசனங்கள்தாம். மூன்றாம் வரிசையில் யார் அமர்கிறார், எப்படி ஏறுகிறார், எத்தனை மணி நேரம் தாங்குகிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே அனுப்பப்படுவோர், வாய் திறந்து முறையிடாத முதியோரும் சிறுவருமே.

இங்கு ஒரு தொழில்நுட்ப வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று. 2020 வரை வந்த டாஹோவின் பின் சில்லுகள் இரண்டும் ஒரே இறுகிய அச்சில் பிணைந்திருந்தன. அவ்வச்சு மேலும் கீழும் அசைய இடம் வேண்டியிருந்ததால் தளம் உயர்த்தப்பட்டிருந்தது. பின்வரிசையில் இருப்பவரின் முழங்கால் நெஞ்சை நோக்கி உயரும். ஃபோர்ட் நிறுவனமோ 2003 ஆம் ஆண்டு மாதிரியிலேயே பின் சில்லுகளைத் தனித்தனியாக இயங்கச் செய்து தளத்தைத் தாழ்த்திவிட்டது. டாஹோ இம்மாற்றத்தை 2021 மாதிரியில்தான் பெற்றது. ஆகவே பழைய வாகனம் தேடுவோர் 2020க்கு முந்திய ஆண்டுகளில் எக்ஸ்பெடிஷனையே நாடுவது முதியோருக்குச் செய்யும் உபகாரமாகும்.

2021க்குப் பின் நிலைமை மாறுகிறது. எட்டு இருக்கைகளும் நிமிர்ந்திருக்கையில் டாஹோவின் பின்புறத்தில் ஏறத்தாழ 720 லீற்றர் கொள்ளளவு உண்டு. எமது எக்ஸ்பெடிஷனில் அது 600 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. பியர்சன் விமான நிலையத்தில் ஊரிலிருந்து வரும் உறவினரைப் பெட்டிகளுடன் ஏற்றியவர்களுக்கு இவ்வேறுபாடு புரியும். ஆனால் குழந்தை ஆசனம் பொருத்தியபடியே நடுவரிசை இருக்கையைச் சாய்த்து நகர்த்திப் பின்னே செல்ல எக்ஸ்பெடிஷன் வழிவிடுகிறது. இரண்டிலும் ஏறுபடி உயரமானது. சேலை உடுத்த அம்மம்மாவுக்கு ஒரு கை வேண்டும். ஏறுவதற்காகத் தாழ்ந்து கொடுக்கும் காற்றுத் தாங்கி டாஹோவில் உண்டு எனினும், அது விலை கூடிய வகைகளுக்கே உரியது.

பனிக்கால உப்பு இன்னொரு சோதனை. 2018 முதல் எக்ஸ்பெடிஷனின் மேலுடல் அலுமினியத்தால் ஆனது. உருக்கைப் போல் செந்துரு பிடிக்காது. ஆனால் மோதி நெளிந்தால் அதற்கென்றே பயிற்சி பெற்ற பட்டறை வேண்டும், செலவும் கூடும். அடிச்சட்டம் இரண்டிலும் உருக்கே என்பதால் துருத்தடுப்புப் பூச்சை எவரும் தவிர்க்கலாகாது.

இயந்திரக் குறைகளில் இரு தரப்பும் தப்பவில்லை. டாஹோ முதலிய வாகனங்களில் பொருத்தப்பட்ட 6.2 லீற்றர் இயந்திரத்துக்காக, 2021 முதல் 2024 வரையான மாதிரிகளில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ ஆறு இலட்சம் வாகனங்களை ஜெனரல் மோட்டர்ஸ் 2025 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. 2021 எக்ஸ்பெடிஷன்கள் சிலவற்றில் இயந்திரப் பகுதியில் தீப்பிடிக்கும் அபாயம் கண்டு, அவற்றை வீட்டுக்கு வெளியே நிறுத்துமாறு ஃபோர்ட் 2022 இல் அறிவித்தது. பழைய வாகனம் வாங்குவோர், அதன் அடையாள எண்ணைக் கொண்டு, திரும்ப அழைப்புத் திருத்தங்கள் முடிந்துவிட்டனவா என்று பார்க்காமல் பணம் கொடுக்கலாகாது. பெரிய வாகனம் என்றால் பாதுகாப்பும் பெரிது என்ற நம்பிக்கையும் சரியன்று. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2024 இல் இவ்விரண்டையும் ஜீப் வாகனீரையும் சோதித்தபோது, அதன் விருதுக்குத் தகுதி பெற்றது வாகனீர் ஒன்றே.

இனிப் பணத்துக்கு வருவோம். புதிதாக வாங்கினால் வரியுடன் 80,000 டொலரை இவை எளிதில் தாண்டும். விற்பனையாளர் மொத்தத் தொகையைச் சொல்வதில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை 557 டொலர்தான் என்பார். 7 சதவீத வட்டியில் 80,000 டொலரை 84 மாதங்களில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 1,207 டொலர். முடிவில் கட்டியது 101,000 டொலருக்கும் மேல். ஏழாவது ஆண்டில் தேய்ந்த வாகனத்துக்குப் புதிய வாகனத்தின் தவணையைக் கட்டிக்கொண்டிருப்போம். நிரந்தர வதிவிடம் இன்னும் கிடைக்காதவரிடம் வட்டி இதனினும் கூடுதலாகக் கேட்கப்படுவதுண்டு. அப்போதுதான் பிணைக் கையெழுத்துக்கு உறவினரை நாடுகிறோம். தவணை தவறினால் அக்கையெழுத்து இட்டவர் முழுக் கடனுக்கும் பொறுப்பாளி. ஒரு வாகனத்தால் அண்ணன் தம்பி பேசாதிருக்கும் வீடுகளை நாம் அறிவோம். அகதிக் கோரிக்கை விசாரணையில் இருப்போர் ஏழாண்டுக் கடனில் கையெழுத்திடலாகாது; நாளை எந்த நகரில் வேலை என்பதே உறுதியில்லாதபோது இக்கடன் ஒரு விலங்காகும்.

எரிபொருளும் உண்டு. நான்கு சில்லு இயக்கமுள்ள இவ்விரண்டும் 100 கிலோமீற்றருக்கு 13 முதல் 14 லீற்றர் வரை குடிப்பவை. 2021 முதல் கலப்பு இயக்கத்தில் மட்டுமே வரும் ரொயோட்டா சியன்னா வானுக்கு 7 லீற்றரே போதும். ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் ஓடினால் வேறுபாடு 1,200 லீற்றருக்கும் மேல். அவ்வானின் பின்வரிசைக்கு அப்பால் உள்ள இடமும் டாஹோவினதைவிடப் பெரிது, தளம் தாழ்ந்தது, கதவு பக்கவாட்டில் வழுக்கித் திறப்பதால் முதியோர் எளிதில் ஏறுவர். நான்கு தொன் எடை இழுக்கும் வல்லமை அதற்கு இல்லைத்தான். எம்மவருள் எத்தனை பேர் படகு இழுக்கிறோம்?

எட்டுப் பேரும் உண்மையாகவே அடிக்கடி பயணிக்கும் குடும்பம், பாரம் இழுக்கும் தொழிலுடையோர், பனி மூடிய கிராமச் சாலைகளில் வேலைக்குச் செல்வோர் ஆகியோர் டாஹோவையோ எக்ஸ்பெடிஷனையோ வாங்கட்டும். மூன்று நான்கு ஆண்டுகள் ஓடியதாக, 60 மாதத்துக்கு மேற்படாத கடனில் வாங்கட்டும். பெட்டிகள் கூடியவருக்கு 2021க்குப் பிந்திய டாஹோ. கைக்குழந்தையும் முதியோரும் உள்ள வீட்டுக்கு எக்ஸ்பெடிஷன். ஏனையோருக்கு வானே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதுவாயினும், கையெழுத்திடுவதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தவரை விற்பனை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரை மூன்றாம் வரிசையில் அமர்த்தி அரைமணி நேரம் ஓட்டுங்கள். இறங்கியதும் அவர் முகத்தைப் பாருங்கள். விற்பனையாளரின் சொல்லை அதன் பிறகு கேட்கலாம்.