பத்தாயம் செய்த ஊரில் அலமாரிக்கு என்ன பஞ்சம்?

டெல்டாவில் புது வீடு கட்டுகிறவர்கள் செங்கல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள், மணலைக் கையில் எடுத்துப் பிசைகிறார்கள், நிலைக்கதவு மரத்துக்காக நான்கு மரவாடி ஏறி இறங்குகிறார்கள். சமையலறை அலமாரி மட்டும் படத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. மேலே பளபளக்கும் மைகாவுக்கு உள்ளே என்ன பலகை இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருந்தால், சிங்க்கின் அடியில் தண்ணீர் கசிந்த இடத்தில் ஓரம் ஊதிவிடும். ஊதிய பலகையில் திருகாணி பிடிக்காது. கீல் கழன்று கதவு தொங்கத் தொடங்கினால், இழைத்துச் சரிசெய்யவும் வழியில்லை.

இதை விதியென்று ஏற்க வேண்டியதில்லை. சமையலறை அலமாரியை வீட்டிலேயே, வீட்டார் கையாலேயே செய்யலாம். தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு வேண்டிய மரமும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது.

அந்த அறிவுக்குப் பத்தாயமே சாட்சி. நெல் கொட்டி வைக்கும் அந்த மரப்பெட்டியைப் பலகை பலகையாகக் கழற்றலாம், திரும்பப் பூட்டலாம். கால்கள் வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருப்பார்கள். ஈரமும் கரையானும் நேரே ஏறாது. மேலே நெல்லைக் கொட்டி, அடியில் உள்ள சிறு வாய் வழியே எடுப்பதால் பழைய நெல் முதலில் வெளியே வரும். பிறகு நெல்லைச் சேமிக்கும் வேலை வீட்டை விட்டுப் போயிற்று. இந்திய உணவுக் கழகம் 1965-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. இன்று அறுத்த நெல் பெரும்பாலும் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. வேலை இழந்த பத்தாயங்கள் பலவும் பிரிக்கப்பட்டுப் பழம்பொருள் வியாபாரிகளிடம் போய்விட்டன. பெட்டி போனதில் வருத்தமில்லை. அதற்குள் இருந்த யோசனையையும் சேர்த்து விற்றுவிட்டதுதான் இழப்பு.

இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது 1926-இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வரைந்த சமையலறை. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதற்குக் கை நீட்டுகிறார் என்று கணக்கெடுத்து அதை அமைத்தார். மாவு வைக்கும் இழுப்பறையை ஓக் மரத்தில் செய்யச் சொன்னார்; அந்த மரத்தின் துவர்ப்பு புழுவை அண்டவிடாது. நம் ஊரில் வேப்பம்பலகையில் பெட்டி செய்தவர்களின் கணக்கும் இதுவேதான். கடையில் விற்கும் சமையலறையில் அந்த அம்மையார் வரைந்ததன் தோற்றம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, கணக்கு வரவில்லை.

மரத்துக்கு எங்கே போவது? கல்லணைக் கால்வாய்க் கரையில் வனத்துறை வளர்த்த தேக்கு பேர்பெற்றது. ஆனால் தேக்குதான் வேண்டும் என்பதில்லை. வாய்க்கால் ஓரத்துப் பூவரசு, கொல்லை வேம்பு, வாகை எல்லாமே அலமாரிக்கு ஏற்றவை. பலாவும் ஆகும்; 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையைக் குடைவது பலா மரத்தில்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தென்னையோடு பலாவையும் மாவையும் சாய்த்தது. சாய்ந்த மரத்தை அறுத்துப் பலகையாக்கி நிழலில் அடுக்கி வைக்க அந்த நெருக்கடியில் யாருக்கு மனம் வரும்? இனி மரம் விழுந்தால் விறகுக்காரரை அழைப்பதற்கு முன் அறுப்பு மில்லில் ஒரு வார்த்தை கேட்கலாம். ஓரங்குலப் பலகை நிழலில் காய ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். பொறுமைதான் முதல் முதலீடு.

மரம் இல்லாதவர்களுக்குப் பிளைவுட் இருக்கிறது. பலகையின் மேல் ஐ.எஸ். 710 முத்திரையைத் தேடி வாங்க வேண்டும். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடக்கூடாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. எட்டுக்கு நான்கு அடிப் பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 24 அங்குலத்தில் இரண்டு துண்டு வராது, வாள் கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே அடி அலமாரியின் ஆழத்தை இருபத்து மூன்றரை அங்குலம் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது. இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் பலகை வாங்கியவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்குகிறார்கள்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் யாரும் செய்வதில்லை? கருவியின் விலை ஒரு காரணம், நேரமின்மை இன்னொரு காரணம். இரண்டையும்விடப் பெரியது, உளி பிடிப்பது ஒரு சாதியின் வேலை என்று ஊர் வகுத்து வைத்த பழைய கோடு. பட்டம் படித்த பிள்ளை இழைப்புளியைத் தொட்டால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பு ஆசாரியையும் அவமதிக்கிறது, பிள்ளையின் கையையும் கட்டிப்போடுகிறது. நாள்கூலிக்கு ஆசாரியை அழைத்து, அவர் பக்கத்திலேயே நின்று கழுந்தும் துளையும் சேரும் விதத்தைக் கற்றுக்கொள்ளலாம். முதல் பெட்டியை அவர் செய்யட்டும், இரண்டாவதை வீட்டார் செய்யட்டும். கற்றுக்கொடுத்த நாளுக்கும் கூலி உண்டு என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

மாடுலர் கடைகளே வேண்டாம் என்பதல்ல வாதம். அளந்து, நல்ல பலகை போட்டு, சொன்னபடி செய்துதருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெட்டியையாவது தன் கையால் செய்தவரைப் பலகை விஷயத்தில் ஏமாற்றுவது கடினம்.

வேலையைத் தொடங்கச் சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி வசதி. வயலில் வேலை குறைவு, காற்றும் காய்ந்திருக்கும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவை வேலை ஆளை இழுத்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பங்குனியில் இறுக்கிப் பூட்டிய மரக்கதவு ஐப்பசி மழையில் அகலவாக்கில் பருத்து, திறக்க வராது. கதவுச் சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல், இரு பக்கமும் சிறு இடைவெளி விட்டுச் செருக வேண்டும். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஓரங்குலம், அடியில் நான்கங்குலக் கால். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கமானால் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கீல்.