மின்சாரம் விடுதி முற்றத்தோடு நின்றுவிடலாமா?

கடலோர ஊர்களுக்கு வரும் உல்லாசப் பயணிகளின் மின்சாரக் கார்களுக்கு சார்ஜ் நிலையங்கள் வேண்டும் என்கிறார்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. புகை கக்காத வண்டி நல்லதுதான். அது யாருக்காக, யார் கையில் என்பதே கேள்வி.

மாமல்லபுரத்தில் பயணியைக் கோயிலுக்கும் கடற்கரைக்கும் ஏற்றிச் செல்பவர் ஆட்டோ தொழிலாளி. அவர் கூலியைப் பெட்ரோல் தின்கிறது. கடன்பட்டு மின்சார ஆட்டோ வாங்கினாலும், சார்ஜ் ஏற்ற இடமில்லையேல் வண்டி முடங்கும். சொகுசு விடுதி முற்றத்தில் நிற்கும் இயந்திரம் அவருக்கு உதவுமா?

வழி இல்லாமலில்லை. 2021-ல் கோழிக்கோட்டில் கேரள மின்சார வாரியம், தெருவோர மின்கம்பங்களிலேயே ஆட்டோக்களுக்கு சார்ஜ் ஏற்றும் பெட்டிகளை மாட்டியது. இதற்குப் பெரிய நிலமும் வேண்டாம், பெரிய முதலாளியும் வேண்டாம்!

2024-ல் மத்திய சர்க்கார் அறிவித்த 10,900 கோடி ரூபாய்த் திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. நெருப்புப் பெட்டி வாங்கும் விவசாயத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் கட்டிய வரி அதில் இருக்கிறது.

ஆகவே கோருகிறோம்: நிலையங்களை மின்வாரியமே நடத்தட்டும். ஆட்டோ ஸ்டாண்டுகளிலும் மீன் இறங்குதுறைகளிலும் கம்பப் பெட்டிகள் வேண்டும். மீன் உலர்த்தும் மணலை இதற்கென்று பறிக்கக் கூடாது.

தோழர்களே, ஆட்டோ, மீனவர், ஆலைத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால்தான் இது கிடைக்கும்!