ஒரு வரித் திருத்தம்

சென்ற மாதம் வந்த ஒரு சிற்றிதழில் 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' என்ற இரண்டாம் உலகப் போர்த் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று இருந்தது. தொலைக்காட்சி என்றாலே முகம் சுளிக்கும் நம் சூழலில், ஒரு தொடரை நாவலுக்குரிய கவனத்தோடு படிக்க ஒருவர் முன்வந்ததே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை மொத்தமும் ஒரே ஒரு மரணத்தின்மேல் நிற்கிறது. ஆல்பர்ட் ப்ளைத் என்ற படைவீரன் பிரான்சில் பட்ட காயத்திலிருந்து மீளாமல் 1948இல் இறந்துபோனான். அந்த மரணத்தில்தான் படைவீரர்களின் சகோதரத்துவம் அரசியலைக் கடந்து, எல்லா வேறுபாடுகளையும் கடந்து தூய துயரமாகிறது என்கிறார் கட்டுரையாளர்.

ப்ளைத் 1948இல் இறக்கவில்லை. இதை அந்த இதழுக்கு எழுதிப் போட்டேன். கலையில் தகவல்பிழை ஒரு பொருட்டல்ல, பிரதிக்கு வெளியே எதற்குப் போகிறீர்கள் என்ற பொருளில் பதில் வந்தது. எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. தொடரின் மூன்றாம் பகுதி முடியும்போது திரையில் அந்தத் தகவல் எழுத்தாகவே வருகிறது, அவர் அதை நம்பினார். என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஆசிரியரின் பதில்தான். அமைப்பியல் படித்த கையோடு நாங்களெல்லாம் சொல்லித் திரிந்த வாக்கியம் அது. ஒரு மனிதன் செத்தானா இருந்தானா என்ற இடத்தில் அதைச் சொல்லலாகாது.

அந்த மூன்றாம் பகுதியை மீண்டும் பார்த்தேன். கரெந்தான் நகரச் சண்டை முடிந்ததும் ப்ளைத்துக்குக் கண் தெரியாமல் போகிறது. உடம்பில் காயம் ஒன்றுமில்லை, பயம்தான். லெப்டினன்ட் விண்டர்ஸ் பக்கத்தில் வந்து பரிவாக நாலு வார்த்தை பேசுகிறார். சற்று நேரத்தில் பார்வை திரும்புகிறது. பிறகு ஓர் இரவில் ஸ்பியர்ஸ் என்ற அதிகாரி, நீ ஏற்கெனவே செத்துவிட்டாய் என்று ஏற்றுக்கொண்டால்தான் உன்னால் சண்டை போட முடியும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மறுநாள் குழிக்குள் சுருண்டு கிடந்து அலறுகிறவனை விண்டர்ஸ் எழுந்து நின்று சுட வைக்கிறார். அவன் சுட்டு வீழ்த்திய ஜெர்மானியனின் உடையில் ஒரு எடெல்வைஸ் பூ. அதை எடுத்துத் தன் சட்டையில் செருகிக்கொள்கிறான். அடுத்த ரோந்தில் தானாக முன்னே போகிறான். கழுத்தில் குண்டு பாய்கிறது. பயந்தவன் துணிந்தான், துணிந்ததும் விழுந்தான். கச்சிதமான வடிவம். இந்தக் கச்சிதத்துக்கு ஒரு மரணம் தேவைப்பட்டது, அதற்காக 1948.

உண்மையான ப்ளைத்துக்குக் காயம் பட்டது தோள்பட்டையில். குணமடைந்தார். ராணுவத்திலேயே இருந்தார், கொரியப் போருக்கும் போனார், மாஸ்டர் சார்ஜென்ட் ஆனார். 1967 டிசம்பரில் ஜெர்மனியில் பணியில் இருந்தபோது, பாஸ்டோன் சண்டையின் நினைவு நிகழ்ச்சிக்காக பெல்ஜியம் போய்விட்டுத் திரும்பியவர் வயிற்றுப் புண் வெடித்து மருத்துவமனையில் இறந்தார். உடல் ஆர்லிங்டன் கல்லறையில் இருக்கிறது. பாஸ்டோனில் அவர் சண்டையிட்டவர் அல்ல. காயம்பட்டு முன்பே ஊர் திரும்பியவர். ஆனாலும் தன் பழைய கம்பெனி பனிக்குள் கிடந்த ஊருக்கு, இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் போயிருக்கிறார். அங்கே அவர் என்ன நினைத்து நின்றிருப்பார் என்பதை எந்தப் பகுதியிலும் நாம் பார்க்கப்போவதில்லை.

பிழை எப்படி நேர்ந்தது? தொடரின் மூலநூலான 1992ஆம் ஆண்டுப் புத்தகத்தை ஸ்டீபன் ஆம்ப்ரோஸ், ஈஸி கம்பெனி என்ற அந்தப் பாராசூட் படைப்பிரிவில் உயிரோடிருந்தவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதினார். ப்ளைத் இறந்துவிட்டார் என்றே அவருடைய தோழர்கள் நம்பியிருந்தார்கள். உடன் குதித்தவர்கள், ஒரே குழியில் படுத்தவர்கள். அவர்களுக்குத் தெரியாமல், அதே ராணுவத்தின் சீருடையில், பல ஆண்டுகள் ஒரு மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார். தொடர் வந்தபிறகு குடும்பத்தினர் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. ஆகவே இதை வெறும் தகவல்பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. முதல் சண்டையில் கண்ணை மூடியவன், பாதியில் விலகிப்போனவன், கடைசிவரை கூட நிற்காதவன்: இவர்களைச் சகோதரத்துவம் சாகடித்துவிடுகிறது. வெறுத்துச் செய்வதல்ல, அன்பாலேயே செய்கிறது. அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

நான் இந்தத் தொடரை வெறுப்பவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆறாம் பகுதிக்கு இணையாகப் போரைச் சொன்ன படைப்புகள் குறைவு. ரோ என்ற மருத்துவ உதவியாளன் கத்தரிக்கோல் கேட்டுக் குழி குழியாக அலைகிறான். மார்ஃபின் இல்லை, கட்டுத்துணி இல்லை, ஒருவனிடமும் கத்தரிக்கோல் இல்லை. மற்றவர்களெல்லாம் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள, அவன் மட்டும் எல்லோரையும் குடும்பப் பெயரால்தான் அழைப்பான். நாளைக்குத் தன் கையில் சாகப்போகிறவனைச் செல்லப்பெயரால் அழைக்க அவனால் முடியவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். பாஸ்டோன் தேவாலயத்தில் ரெனே என்ற தாதி அவனுக்கு மருந்துப் பொருள்கள் தருகிறாள், ஒரு சாக்லேட்டும் தருகிறாள். குண்டுவீச்சுக்குப் பிறகு இடிபாடுகளில் அவளுடைய நீலத் தலைத்துணி கிடக்கிறது. கடைசியில் ஹெஃப்ரன் என்ற வீரனின் கை கிழிந்தபோது அந்த நீலத் துணியைக் கிழித்துத்தான் கட்டுகிறான். கட்டும்போது தன்னையறியாமல் அவனைப் 'பேப்' என்று பட்டப்பெயரால் கூப்பிட்டுவிடுகிறான். இதைக் கடக்க எனக்கு ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் வேண்டியிருக்கிறது. இன்னொன்று: ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முதியவர்கள் சிலர் வந்து பேசுகிறார்கள், குரல் உடைகிறது, பெயர் போடுவதில்லை. பத்தாம் பகுதியின் முடிவில்தான் பெயர்கள் வருகின்றன. யார் பிழைத்தார்கள் என்பது அதுவரை நமக்குத் தெரியாது. ஒரு படைப்பு தன் பார்வையாளருக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது.

அதே தேவாலயத்தில் இன்னொரு தாதியும் இருக்கிறாள், கறுப்பினப் பெண். பெயர் அன்னா, அநேகமாக வசனமே இல்லை. உண்மையில் அவர் ஒகஸ்டா ஷீவி. பெல்ஜியத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்தவர், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் ஜெர்மானியரின் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டவர். 1944 டிசம்பர் 24 இரவு மருத்துவ முகாமின்மேல் விழுந்த குண்டு ரெனே லமேரைக் கொன்றது. பக்கத்து வீட்டிலிருந்த ஷீவி சுவரோடு தூக்கியெறியப்பட்டும் பிழைத்தார். அவரும் அன்று இறந்துவிட்டதாகவே பலர் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பெல்ஜியமும் அமெரிக்க ராணுவமும் அவரை கௌரவித்தது 2011இல். 2015இல் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். ப்ளைத்துக்கு நேர்ந்தது இவருக்கும் நேர்ந்திருப்பதைப் பாருங்கள். அதே முற்றுகைக்குள் 969ஆம் பீரங்கிப் படை இருந்தது, கறுப்பின வீரர்களின் படை. ஈஸி கம்பெனி அடங்கிய 101ஆம் வான்வழிப் படைக்காகச் சுட்ட பீரங்கிகளில் அவர்களுடையவையும் உண்டு. அதற்காக அந்தப் படைக்கே விருது கொடுத்தார்கள். தொடரில் அவர்கள் இல்லை. அன்றைய அமெரிக்க ராணுவம் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்ட ராணுவம். அதை ஒழிக்கும் ஆணையில் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலையில்தான். வேறுபாடுகளையெல்லாம் கடந்த சகோதரத்துவம் என்று எழுதுவதற்கு முன் அந்த ஆண்டையும் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு இங்கே பரீஸ் வஸீலியெவ் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 'அதிகாலையின் அமைதியில்' என்ற அவருடைய சிறிய சோவியத் நாவலைத் தமிழில் படித்துவிட்டு ஒரு தலைமுறையே அழுதது. நடைபாதைக் கடையில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிய பிரதி. பசை விட்டுப்போய், தாள்களை நூல் கட்டி வைத்திருக்கிறேன். வாஸ்கவ் என்ற சார்ஜென்ட் மேஜர், விமான எதிர்ப்புப் படையின் ஐந்து இளம்பெண்கள், ஒரு காடு. ஐவரும் ஒவ்வொருவராக இறக்கிறார்கள். ஒருத்தி சேற்றில் மூழ்குகிறாள். இன்னொருத்தி பயந்து, மறைவிலிருந்து ஓடி வெளியே வந்து சுடப்படுகிறாள். பயந்து செத்தவளை நாவலாசிரியர் தாழ்த்தவில்லை. வாஸ்கவும் மற்றவர்களிடம் அவளைக் குறைத்துப் பேசவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு கை இழந்த கிழவரும் ஓர் இளம் ராணுவ அதிகாரியும் சலவைக்கல் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டில் கல்லறை தேடுகிறார்கள். அந்த இளைஞன் இறந்துபோன ஐவரில் ஒருத்தியான ரீத்தாவின் மகன், வாஸ்கவ் வளர்த்த பிள்ளை. அவன் பெயரும் ஆல்பர்ட்தான். சண்டை நடந்த இடத்துக்கு ஒரு கல்லோடு திரும்பிப் போவது. விடுபட்டவரைத் தேடிப்போய்ப் பெயர் எழுதுவது. உடன்பிறப்பு என்று நான் மதிப்பது இதை. நடுகல் கண்ட மொழிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனிரை மீட்டு விழுந்தவன் எந்த ஊரான், யார் மகன் என்று கல்லில் வெட்டியவர்கள் நம்மவர்கள். அவன் பெயரைத் தப்பாக வெட்டிவிட்டுக் கலை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழில் 'பங்காளி' என்று ஒரு சொல் இருக்கிறது. கூடப் பிறந்த வழியில் வந்தவன், சொத்தில் பங்குள்ளவன், வரப்புத் தகராறில் எதிரே நிற்பவன், சாவு விழுந்தால் நம்மோடு சேர்ந்து தீட்டுக் காப்பவன், எல்லாம் அவன்தான். சகோதரத்துவம் என்ற வழவழப்பான சொல்லைவிட எனக்கு இது பிடிக்கும். பங்கு யாருக்கு உண்டு, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதே ஈஸி கம்பெனியில், 1945 ஜனவரி 3 அன்று, கால் சிதைந்து கிடந்த தோழர் ஜோ டாயை இழுத்துவர குவார்னியர் என்ற வீரர் குழியை விட்டு ஓடினார். அடுத்த குண்டில் அவருக்கும் கால் போயிற்று. அந்த அன்பு பொய்யில்லை. அது எனக்குத் தலைவணங்கத் தக்கது. அந்த அன்பின் வட்டத்துக்கு வெளியே நின்றவர்களையும் எண்ணிப் பார்க்கச் சொல்வதால் குவார்னியரின் கால் மதிப்புக் குறையப்போவதில்லை.

அந்த இதழின் ஆசிரியரிடம் நான் மறுகட்டுரைக்கு இடம் கேட்கவில்லை, வருத்தம் தெரிவிக்கவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு வரி போடுங்கள்: ஆல்பர்ட் ப்ளைத் 1948இல் இறக்கவில்லை, அவர் 1967 டிசம்பர் வரை இருந்தார்.