வலியைச் சொல்லும் மொழி
ஓய்வுக்காலத்துக்கு ஈக்வடாரின் குவென்காவில் குடியேறும் அமெரிக்கர்களைப் பற்றிப் படித்தேன். காரணங்கள் தெரிந்தவைதான்: 2,500 மீட்டர் உயரத்தின் இதமான குளிர், 2000 முதல் அங்கேயும் டாலர்தான் நாணயம், வாடகையும் மலிவு. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அங்கே செல்லாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். என்னை உறுத்துவது வேறு. சந்தையில் தக்காளி வாங்கக் கொஞ்சம் ஸ்பானியம் போதும். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால், எரிச்சல் என்றால் ‘ஆர்தோர்’, சுருக்கென்று குத்தினால் ‘புன்சாதா’ என்று பிரித்துச் சொல்லத் தெரியவேண்டும். என் அம்மா கடைசி நாட்களில் ‘விண் விண்ணுனு தெறிக்குது’ என்ற மறுகணமே செவிலிக்குப் புரிந்தது. போக நினைப்பவர்கள் வீடு வாங்கும் முன் ஆறு மாதம் அங்கே வாடகைக்கு இருக்கட்டும். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் ஒருமுறையாவது மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.