முட்டுக்கட்டை

சின்னக் காஞ்சிபுரத்தில் வைகாசிப் பிரம்மோத்ஸவத்தின் ஏழாம் நாள் வரதராஜப் பெருமாள் தேரில் எழுந்தருளும்போது, ஜனங்களின் கண்ணெல்லாம் பெருமாள்மீது இருக்கும். அடியேன் கண் மட்டும் சக்கரத்தருகே குனிந்து செல்லும் முட்டுக்கட்டைக்காரரைத் தேடும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் உண்டு. நிறுத்துவதற்கு அந்தச் சிலர்தாம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆயினும் அங்கும் முட்டுக்கட்டைக்கு ஓய்வு கிடைத்துவிடவில்லை.

சென்ற வாரம் ஒரு லாரிப் பட்டறையில் நின்றபோது இந்த நினைவு வந்தது. லாரி மிகவும் பழையது. அதன் சொந்தக்காரன் என் பழைய மாணாக்கன். "ஸார், கீச்சிடுகிற சக்கரத்துக்கு மட்டும் லைனிங் மாற்றினால் போதாதா? இந்த மாதம் தவணை வேறு கட்ட வேண்டும்" என்றான்.

மிஸ்திரி பதில் சொல்லாமல் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். லைனிங் ரிவெட்டுத் தலை வரையில் தேய்ந்திருந்தது. ரிவெட்டுகள் டிரம்மின் உட்புறத்தை உழுது, கிராமபோன் தட்டைப் போல் வரிவரியாக்கியிருந்தன. இதில் புது லைனிங்கைப் பூட்டினால் மேடுகள் மட்டுமே அதைத் தொடும். பிடிப்பு எங்கிருந்து வரும்? கடைசல் பிடித்துச் சமன் செய்யலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மெலிந்த டிரம் சீக்கிரம் காயும். காய்ந்தால் விரிந்து லைனிங்கைவிட்டு விலகும். இறக்கத்தில் மிதித்த கால் தரை வரை போகும், வண்டியோ நிற்காது. ஒரு பக்கம் மட்டும் புதிதாக மாற்றினாலோ, பிரேக் போட்டவுடன் லாரி ஒரு பக்கமாய் இழுக்கும். ஆகவே ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். எண்ணெய் கசியும் ஸீலை விட்டுவைத்தால் அந்தப் புது லைனிங்கும் நனைந்து வீணாகும்.

இதற்குள் பட்டறை இளைஞன் ஒருவன் காற்றுக் குழாயால் தூசியை ஊதத் தொடங்கினான். ஓடிப் போய்த் தடுத்தேன். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயைத் தரவல்லது. ஈரத் துணியால் துடைப்பதே முறை. "வாத்தியாருக்கு இங்கேயும் பாடமா!" என்று அவன் சிரித்தான். சிரித்தால் என்ன, துணியை நனைத்துக்கொண்டானே!

என் மாணாக்கன் விலைக் கணக்கைப் பார்த்து மௌனமாயிருந்தான். அவன் கஷ்டம் எனக்குத் தெரியாததன்று. ஆனால் அந்த லாரி தினந்தோறும் எங்கள் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போகிறது. அதை மட்டும் சொன்னேன். சற்று நேரம் டிரம்மையே பார்த்திருந்துவிட்டு, "இரண்டு பக்கமும் போட்டுவிடுங்கள், அண்ணே" என்றான் மிஸ்திரியிடம்.

நேற்று மாலை பள்ளி விடும் சமயம் அந்த லாரி வந்தது. வெகு தூரத்திலேயே வேகம் தணிந்து, பிள்ளைகள் கடக்கும்வரை நின்றது. லைனிங் டிரம்மோடு படிந்து வரும்வரையில் அடித்துப் பிடிக்கலாகாதென்று மிஸ்திரி கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறாராம்.